காவல்கிணறு திரும்பியதும் கேரவன் ஏன் ஆடுகிறது?

தக்கலை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆடி மாதம் குடும்பத்தோடு கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாகர்கோவில் வழியாக மதுரைக்குக் கிளம்பினார்களாம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் எல்லாம் சுகமாகக் கடந்தார்கள். காவல்கிணற்றில் நான்குவழிச் சாலைக்குத் திரும்பியதும் வண்டி வலப்பக்கமாகவே இழுத்திருக்கிறது. "காற்று அங்கேதான் ஆரம்பிக்கிறதா?" என்பது அவர் கேள்வி.

இல்லை. முப்பந்தலிலேயே அடித்தது. ஆனால் முதுகுப்பக்கமாக அடித்தது.

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு வேகம் பிடிப்பதும், அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பதும் தெரிந்த கதை. சாலையின் திசையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு வரை சாலை கிட்டத்தட்ட காற்றோடு சேர்ந்தே கிழக்கே போகிறது. வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போக, பின்னாலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், வண்டி உணர்வது வெறும் 10தான். கண்ணாடி ஓரத்தில் இரைச்சல்கூட இருக்காது. இடப்பக்கம் வடக்கே திரும்பியதும் அதே காற்று முழுப் பக்கச் சுவரிலும் அறைகிறது.

6 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரச் சுவர் என்று வையுங்கள். நிற்கும் வண்டியில் 30 கிலோமீட்டர் பக்கக்காற்று ஏறக்குறைய 65 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். 60 ஆனால் 130 அல்ல, 260 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். பக்கக்காற்று 60, வண்டி வேகம் 80 என்றால், பிதாகரஸ் கணக்குப்படி வண்டி மீது படும் காற்று 100. அது முன்மூலையிலிருந்து சாய்வாக வருகிறது. சாய்வு கூடுவதால் பக்கத் தள்ளல் குறையும் என்று தோன்றும். குறையாது! விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் கோணத்தின் குறைவை வேகம் ஈடுகட்டி, அதற்கு மேலும் போய்விடுகிறது. அதே காற்றில் வண்டி வேகத்தை 45 ஆக்கினால் 100 என்பது 75 ஆகும். பக்கத் தள்ளலும் தோராயமாகக் கால் பங்கு குறையும். நேராக முன்னே போகும் வேகம் பக்கவாட்டு விசையைத் தீர்மானிக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம்தான்.

சாய்வாக வரும் காற்று இன்னொன்றும் செய்கிறது. அழுத்தம் வண்டியின் முன்பாதியில் கூடுவதால் மூக்கைத் திருப்பப் பார்க்கிறது. தண்ணீர்த் தொட்டி, பெட்டிகள் எல்லாம் பின்னச்சுக்குப் பின்னால் இருந்தால் முன் டயரின் பிடி குறைந்து இன்னும் மோசம். கனமானதைக் கீழே, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் வையுங்கள்.

லாரியை முந்தும்போதுதான் உண்மையான ஆபத்து. காற்றை எதிர்த்து ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் பிடித்தபடியே வந்திருப்பீர்கள். லாரியின் மறைவுக்குள் போனதும் காற்று நின்று, வண்டி லாரியை நோக்கிச் சாயும். லாரியின் முன்முனையைத் தாண்டியதும் மொத்தக் காற்றும் ஒரே அடியாக வந்து சென்டர் மீடியன் பக்கம் தள்ளும். அங்கே முந்தவே வேண்டாம். மீடியனில் அரளிச் செடி வளைந்து நிற்பதைப் பார்த்தாலே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பொதுவாகக் காலையில் தரையோரக் காற்று தணிந்திருக்கும். விடியும்போதே அந்தப் பகுதியைக் கடப்பது நல்லது.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் போதும் என்று டிரைவர் சொன்னாராம். அந்தப் பழத்துக்குக் காற்றின் வேகம் தெரியாது. சென்னையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையம் இருக்கிறது. மின்சாரத்துக்காகக் காற்றை அளக்கச் செலவழிக்கும் நாம், காவல்கிணறு திருப்பத்தில் காற்றின் வேகத்தைக் காட்டும் ஒரு மின்பலகைக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம். ஆராய்ச்சிப் பணம் சாலையில் போகிறவனுக்கும் பயன்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம், கன்னியாகுமரியில் இரவு எங்கே நிறுத்துவது என்றும் கேட்டிருந்தார். உறுதியான கட்டடத்தின் கிழக்கு மறைவில் நிறுத்துங்கள். மறைவு கிடைக்காவிட்டால் மூக்கை மேற்கே, காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள். மடக்குப் பந்தலைச் சுருட்டி, கூரை ஜன்னலை மூடிவிடுங்கள். தென்னை மரத்தடி மட்டும் வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் சாய்த்த மரங்களை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆடிக்காற்றுக்குத் தென்னை விழாவிட்டாலும் மட்டையும் தேங்காயும் விழும்.