ரேடியோவைக் கூட்டி வைத்தால் பேரிங் சரியாகாது

பழைய வண்டியோடு பட்டறைக்கு வருகிறவர்களில் பேரிங் சத்தம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. (பேரிங் என்றால் சக்கரம் லேசாகச் சுழல அதன் நடுவில் இருக்கும், குண்டுகளோ உருளைகளோ நிறைந்த வளையம்.) "கொஞ்ச நாளா வண்டி இழுவையே இல்ல" என்பார்கள், அல்லது "டயர் மாத்தணுமான்னு பாருங்க" என்பார்கள். சரி, ஓட்டிப் பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினால் ரேடியோ அலறும். அதை அணைத்துவிட்டு 50, 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனால் விஷயம் வெளியே வந்துவிடும். அடியிலிருந்து 'ஊ...ம்' என்று ஒரு உறுமல். அது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கும். அவரும் தன்னையறியாமல் ரேடியோவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருப்பார். ஒரே நாளில் வந்திருந்தால் பயந்து ஓடி வந்திருப்பார். தினமும் அந்த வண்டியில் போகாத யாராவது ஏறினால்தான் "என்ன இது, இப்படிக் கத்துது?" என்ற கேள்வியே வரும்.

சத்தத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். அது எந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது என்பதில்தான் ஏமாந்துபோவோம். நானே ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டி. முன்பக்க இடது சக்கரம்தான் என்று காது அடித்துச் சொன்னது. பாதி நாள் வேலை. சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பைக் கழற்றி, பேரிங்கை பிரஸ்ஸில் வெளியே தள்ளி, புதுசைப் போட்டு, உரிமையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினேன். அதே சத்தம், இம்மியும் குறையவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கழற்றிய பேரிங்கைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. கோளாறு பின்பக்க இடது சக்கரத்தில். அங்கே பிறந்த சத்தம் பாடியின் தகடு வழியாக ஓடி வந்து முன்பக்கத்தில் ஒலித்திருக்கிறது. அந்த நல்ல பேரிங் இன்றைக்கும் என் மேசையில் பில்கள் பறக்காமல் இருக்கப் பயன்படுகிறது.

அதிலிருந்து என் வழக்கம் இதுதான்: ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கு.

முதல் சோதனை ஓட்டத்திலேயே. போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் சத்தம் நன்றாகக் கேட்கிற வேகத்துக்குப் போய், நியூட்ரலில் போட்டு வண்டியைத் தானாக உருள விடுங்கள். இன்ஜினை அணைக்கக் கூடாது; அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கிற உதவி போய்விடும். இன்ஜின் சுழலும் வேகம் (ஆர்பிஎம்) இறங்கியும் உறுமல் அப்படியே இருந்து, வேகம் குறையக் குறைய மட்டும் அடங்கினால் இன்ஜினும் கிளட்சும் தப்பித்தன. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சுதி, விடும்போது வேறு சுதி என்று ஊளையிட்டால், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பக்கம் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது மட்டும் 'கடக் கடக்' என்றால் அது ஆக்சில் ஜாயின்ட்.

மிச்சமிருக்கும் பெரிய வேஷதாரி டயர்தான். பேரிங் போலச் சத்தம் போடுகிற வண்டிகளில் கணிசமானவை டயர் சத்தம். ஷாக் அப்சார்பர் தளர்ந்த பழைய வண்டிகளில் டயர் ஒரே சீராகத் தேயாமல் மேடும் பள்ளமுமாகத் தேயும். அது போடும் சத்தம் பேரிங்கை அச்சு அசலாக நகலெடுக்கும். பிரித்தறிய இரண்டு வழி. சாலையின் மேற்பரப்பு மாறும்போது கவனியுங்கள்: சொரசொரப்பான சாலையிலிருந்து வழுவழுப்பான சாலைக்குப் போனதும் சத்தத்தின் குணம் மாறினால் டயர், மாறாமல் அதே பாட்டைப் பாடினால் பேரிங். அடுத்தது, வண்டியை நிறுத்திவிட்டு டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழுக்கி, எதிர்ப்பக்கம் தடவும்போது ரம்பம் மாதிரி கையைப் பிடித்தால் சந்தேகம் டயர்மேல். முன் சக்கரத்தைப் பின்னாலும் பின் சக்கரத்தை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் இடம் மாறினால் வழக்கு முடிந்தது. (கம்பி வெளியே தெரிகிற டயரைத் தடவிக் கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.)

வளைவுச் சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இடது பக்கம் வளையும்போது வண்டியின் எடை வலது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலது பக்கம் சந்தேகம். வலது வளைவில் கூடினால் இடது. ஆனால் இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். இரண்டு வரிசைக் குண்டுகள் உள்ள பேரிங்கில் எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இது தலைகீழாகவும் நடக்கும்.

அப்புறம் ஜாக்கி. மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டின் மேல் உட்கார வைத்த பிறகே கீழே கை போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்புவது தற்கொலை. சக்கரத்தின் மேல்புறம் ஒரு கை, அடிப்புறம் ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உடனே பேரிங் என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் காணாமல் போனால் பேரிங். பிடித்த பிறகும் ஆடினால் பால் ஜாயின்ட்டோ வேறு இணைப்போ தேய்ந்திருக்கிறது. பழைய வண்டிகளில் இது சகஜம்.

ஆட்டமே இல்லை, ஆனால் சத்தம் இருக்கிறது என்றால்? கிரீஸை உள்ளேயே வைத்து மூடிய, அடைபட்ட வகை பேரிங்குகளில் பெரும்பாலும் இப்படித்தான். சத்தம் முதலில், ஆட்டம் கடைசியில். இங்கேதான் எனக்குப் பிடித்த சோதனை: ஒரு கையால் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு மறு கையின் விரல்களை சுருள் ஸ்பிரிங் மேல் லேசாக வையுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் அமைதியாக இருக்கும். கெட்டுப்போனதென்றால் விரல் நுனியில் மணல் அரைபடுவது போல ஒரு 'கிர்ர்' தெரியும். நான்கு சக்கரத்திலும் இதைச் செய்யுங்கள். காது ஏமாற்றுகிற அளவுக்கு விரல் ஏமாற்றாது. பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டி என்றால் ஆக்சிலின் மேலேயே கை வைத்துப் பார்க்கலாம்.

குற்றவாளி சிக்கிவிட்டது. இனி மாற்றும் வேலை. பழைய வண்டிகளில் இரண்டு குடும்பம் உண்டு.

முதலாவது, கூம்பு உருளை பேரிங். 1898-ல் ஹென்றி டிம்கென் காப்புரிமை பெற்ற அமைப்பு; வளைவில் பக்கவாட்டில் வரும் சுமையையும் தாங்கட்டும் என்றுதான் உருளைகளைக் கூம்பாகச் செய்தார்கள். ஒரு ஹப்பில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று இருக்கும். இதில் எல்லாச் சத்தமும் மாற்றச் சொல்கிற சத்தம் இல்லை. மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்து, உருளைகளையும் அவை ஓடும் வளையமான ரேஸையும் வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பு மாறாமல் இருந்தால் புது கிரீஸும் புது ஆயில் சீலும் போதும். ஊசி குத்தியது போல் குழிகளோ, நீலம் பாய்ந்த நிறமோ, செதில் பெயர்ந்த இடமோ தெரிந்தால் ரேஸோடு சேர்த்து மாற்ற வேண்டும். பழைய ரேஸில் புது உருளை ஓடினால் அதுவும் சீக்கிரமே கெடும். கழுவிய பேரிங்கைக் கம்ப்ரசர் காற்றால் சுழற்றிக் காய வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். கிரீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் உடைந்து முகத்தில் தெறிக்கும்.

கிரீஸை மேலே பூசினால் போதாது. உள்ளங்கையில் ஒரு கட்டி கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி எடுங்கள். உருளைகளுக்கு இடையே புகுந்து மறுபக்கம் புழு மாதிரி எட்டிப் பார்க்கும் வரை, சுற்றிச் சுற்றி. பிறகு நட்டு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி உருளைகளை உட்கார வைத்து, தளர்த்தி, மறுபடி விரல் பலத்தில் மட்டும் இறுக்கி, புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம், சுமார் 0.03 முதல் 0.12 மில்லிமீட்டர், பல வண்டிகளில் இருக்கத்தான் வேண்டும். ஓடும்போது சூடாகி விரிவதற்கு இடம் வேண்டாமா? "ஆட்டமே இருக்கக் கூடாது" என்று பலத்தைக் காட்டி இறுக்கியவர்கள் கொண்டுவந்த பேரிங்குகளைத்தான் நீல நிறத்தில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது குடும்பம், ஹப்பைத் தாங்கும் உலோகப் பாகமான நக்கிளுக்குள் பிரஸ் செய்து இறக்கும் அடைபட்ட பேரிங். "போன வருஷம்தான் மாத்துனோம், மறுபடி கத்துது" என்று வருகிற வண்டிகளில் பலவற்றுக்குக் காரணம் பேரிங்கின் தரம் இல்லை, அதை இறக்கிய விதம். சுத்தியலால் அடித்தே இறக்கியிருப்பார்கள். இல்லை, பிரஸ் இருந்தும் தவறான வளையத்தில் அழுத்தியிருப்பார்கள். நக்கிளுக்குள் இறக்கும்போது வெளி ரேஸைத்தான் அழுத்த வேண்டும். அடுத்து ஹப்பை நுழைக்கும்போது உள் ரேஸுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் டன் கணக்கான விசை குண்டுகள் வழியாகப் பாய்ந்து ரேஸில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைப் பதித்துவிடும். அன்றைக்கு அமைதியாக ஓடும். சில மாதத்தில் பாட ஆரம்பிக்கும்.

ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் பேரிங்கின் ஒரு முகத்திலேயே காந்த வளையம் பதித்திருக்கலாம். அந்த முகம் சென்சார் பக்கம் இருக்க வேண்டும். இரண்டு முகமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். குண்டூசியை அருகே கொண்டுபோனால் காந்தம் உள்ள பக்கம் லேசாக இழுக்கும். திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், வெளியே வந்த பேரிங்கும் உதவாது.

ஆக்சில் நட்டு புதுசாக இருக்கட்டும். அதன் இறுக்கம் பல கார்களில் 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். உங்கள் வண்டியின் கையேடு சொல்கிற அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். நட்டு முடுக்கும் காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று விட்டுவிட்டுப் போகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். நட்டு முழுதாக இறுகும் முன் அந்தச் சக்கரத்தின் மேல் வண்டியின் எடையை இறக்குவதும் புது பேரிங்கைக் காயப்படுத்தும்.

"இந்தச் சத்தத்தோட எவ்வளவு நாள் ஓட்டலாம்ணே?" என்று கேட்காதவர் இல்லை. நாள் கணக்கு என்னால் சொல்ல முடியாது. உறுமல் கரகரப்பாக மாறி, சக்கரத்தில் ஆட்டம் வந்துவிட்டால் ஓட்டாதீர்கள். அந்த ஆட்டத்தில் டிஸ்க்கும் ஆடி, பிரேக் பேடுகளைப் பின்னால் தள்ளிவிடும்; அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகும். அதற்கும் மேலே ஓட்டினால் சக்கரம் இறுகி நிற்கலாம், கழன்றே போகலாம்.

பேரிங் ஏன் கெடுகிறது என்பதற்கு வயது மட்டும் காரணமில்லை. வெள்ள நீரில் ஹப் முழுகப் போனது, பள்ளத்தில் பலமாக விழுந்தது, அழகுக்காகச் சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் போட்டது, தண்ணீர் சர்வீஸில் உயர் அழுத்தக் குழாயை நேராக சீல் மேல் பிடித்தது, எல்லாமே காரணம். பலருக்குத் தெரியாத இன்னொன்று: பாடியில் வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளாம்பைத் தப்பான இடத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து ரேஸைப் பொத்தல் போட்டுவிடும்.

மாற்றிக் கொடுத்த மூன்றாம் நாள் பெரும்பாலும் ஒரு போன் வரும். "பேரிங் சூப்பர்ணே. ஆனா இப்ப டேஷ்போர்டுக்குள்ள ஏதோ 'டிக் டிக்'னு புதுசா ஒரு சத்தம்." புதுசெல்லாம் இல்லை. இத்தனை நாள் உறுமலும் ரேடியோவும் அதை மூடி வைத்திருந்தன. கொண்டு வாருங்கள், பார்த்துவிடலாம்.