பொத்தானுக்கும் கெம்போங் மீனுக்கும் ஒரே வெயில்

மலேசியாவின் பினாங்கில் உள்ள பிறை என்ற ஊரிலிருந்து நான்காம் படிவ மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: "அண்ணனின் பழைய ஐபோன் இன்னும் வீட்டில் கிடக்கிறது. அதில் பொத்தான்கள் எல்லாம் உப்பலாக, தொட்டால் அமுங்கும்போல இருக்கின்றன. என் கைப்பேசியில் எல்லாம் தட்டை. இப்போது கண்ணாடி மாதிரி வேறு வந்திருக்கிறது. இது வெறும் ஃபேஷன்தானா, இல்லை இதில் அறிவியல் ஏதாவது இருக்கிறதா?"

பாதி ஃபேஷன்தான். அந்தப் பாதியைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன்.

2007இல் ஐபோன் வந்தபோது வெறும் கண்ணாடியைத் தொட்டு வேலை வாங்குவது பெரும்பாலானோருக்குப் புதிது. அதனால் ஆப்பிள் திரைக்குத் தெரிந்த பொருள்களின் வேடம் போட்டது. குறிப்பு எழுதும் செயலிக்குக் கோடு போட்ட மஞ்சள் தாள். பின்னால் வந்த புத்தகச் செயலிக்கு மர அலமாரி. விளையாட்டுச் செயலிக்குச் சீட்டாட்ட மேசையின் பச்சைத் துணி, நண்பர்களைத் தேடும் செயலிக்குத் தையல் போட்ட தோல். பழைய பொருளின் தோற்றத்தைத் தேவை முடிந்த பிறகும் புதிய பொருளில் ஒட்டவைப்பதற்கு ஸ்கியூமார்ஃபிசம் என்று பெயர். 2010இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் ஃபோன் 7இல் இதையெல்லாம் உதறிவிட்டு வெறும் வண்ணக் கட்டங்களும் எழுத்துமாக வந்தது. 2012 அக்டோபரில், தோல் மர அலங்காரங்களுக்கு ஆதரவாளர் என்று அறியப்பட்ட ஸ்காட் ஃபோர்ஸ்டால் ஆப்பிளிலிருந்து விலகுவதாக அறிவிப்பு வந்தது. திரை வடிவமைப்பு, அதுவரை ஆப்பிள் கருவிகளை வடிவமைத்துவந்த ஜோனி ஐவ் கைக்குப் போனது. 2013இல் ஐபோனின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ் 7 எல்லாவற்றையும் தட்டையாக்கியது. 2025இல் அதே ஆப்பிள் 'லிக்விட் கிளாஸ்' என்று கண்ணாடியைக் கொண்டு வந்தது. வரலாறு அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். திரை என்பது தட்டைக் கண்ணாடி. அதில் ஒரு பொத்தான் எப்படி உப்புகிறது?

விண்டோஸ் 95 ஞாபகம் இருப்பவர்கள் அதன் சாம்பல் நிறப் பொத்தானை நினைத்துப் பாருங்கள். மேல் ஓரத்திலும் இடது ஓரத்திலும் ஒரு வெள்ளைக் கோடு. கீழ் ஓரத்திலும் வலது ஓரத்திலும் ஒரு கருத்த கோடு. பொத்தான் மேலெழுந்து நின்றதற்கு முக்கியக் காரணம் இந்தக் கோடுகள்தான். சுட்டியால் அமுக்கியதும் வெள்ளை இருந்த இடத்துக்குக் கருப்பும், கருப்பு இருந்த இடத்துக்கு வெள்ளையும் வரும். உடனே பொத்தான் உள்ளே போய்விடும்! இரண்டு நிறங்கள் இடம் மாறியதைக் கண் பள்ளமாகப் படித்துக்கொள்கிறது. பழைய ஐபோனின் உப்பல் பொத்தானும் இதே வித்தைதான். கோட்டுக்குப் பதிலாக மேலே வெளிறித் தொடங்கி, கீழே போகப் போகக் கருக்கும் வண்ணம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே வெளிச்சமும் கீழே நிழலுமாக ஒரு வட்டம் தெரிந்தால் அதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, மேலிருந்து ஒளி விழும் மேடு. இன்னொன்று, கீழிருந்து ஒளி விழும் பள்ளம். இரண்டும் கண்ணுக்குள் ஒரே படத்தைத்தான் போடும். எது சரி என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. ஆனால் மூளை தயங்குவதில்லை. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டு, மேடு என்று அடித்துச் சொல்கிறது.

இதை அழகாகக் காட்டியவர்களில் ஒருவர் நம்மவர். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1988இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். நிழல் தீட்டிய வட்டங்கள்தான் அவருடைய கருவி. மேல் பக்கம் வெளுத்த வட்டங்கள் முட்டைகளாக எழும்பும், கீழ்ப் பக்கம் வெளுத்தவை குழிகளாக இறங்கும். இடம் வலமாக நிழல் தீட்டினால் மூளை குழம்பும், ஒருமுறை மேடு, ஒருமுறை பள்ளம். சரி, அந்தக் குழப்பமான வட்டங்களைத் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பார்த்தால்? குழப்பம் தீர்ந்து, மேடும் பள்ளமும் பளிச்சென்று பிரியும். அதாவது மூளைக்கு 'மேலே' என்பது வானம் இருக்கும் பக்கம் அல்ல, உச்சந்தலை இருக்கும் பக்கம். சோஃபாவில் ஒருக்களித்துப் படுத்தால் உங்கள் மூளையின் சூரியனும் கூடவே படுத்துக்கொள்கிறது. இதை முதலில் படித்தபோது நான் அரை மணி நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

நீங்களே செய்து பார்க்கலாம். சாயங்காலம் பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போய், ஈர மணலில் கால் பதித்து, சரியும் சூரியனைப் பார்த்தபடி நின்று அந்தத் தடத்தைப் படம் எடுங்கள். திரை சுழலாதபடி பூட்டிவிட்டுக் கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்புங்கள். பள்ளமாக இருந்த கால்தடம் மணலில் செய்த பொம்மைப் பாதமாக எழும்பி நிற்கும். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இந்த நம்பிக்கை பிறப்பிலேயே வருகிறதா, பழகி வருகிறதா? வேய்ன் ஹெர்ஷ்பெர்கர் என்ற ஆய்வாளர் கோழிக்குஞ்சுகளைக் கீழிருந்து வெளிச்சம் வரும் கூண்டுகளில் வளர்த்தார். அந்தக் குஞ்சுகள் மேலிருந்து வரும் ஒளியைப் பழகியதே இல்லை. அப்படியும், நிழல் தீட்டிய படங்களைக் காட்டியபோது வெளிச்சம் மேலிருந்து வருவதாகக் கொண்டுதான் அவை நடந்துகொண்டன. 1970இல் வந்த ஆய்வு. மனிதர்களிடம் கொஞ்சம் இளக்கம் இருக்கிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், கண் பார்ப்பதற்கு மாறான வடிவத்தைக் கையால் தொட்டு உணரவைத்துப் பழக்கியபோது, ஒளி வரும் திசை பற்றிய மூளையின் கணிப்பு சற்றே நகர்ந்தது.

கோழியைக் கீழிருந்து வெளிச்சம் போட்டு வளர்க்கப் பணம் கேட்டு இன்று ஒருவர் விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். "நாட்டுக்கு இதனால் என்ன பயன்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு அடுத்த கோப்பை எடுப்பார்கள். கையில் இருக்கும் திரை ஏன் அப்படித் தெரிகிறது என்பதற்கான பதிலில் பாதி அந்தக் கூண்டில்தான் இருந்தது.

இன்னொரு பதிலும் அதே கூண்டில் இருக்கிறது. செபராங் பிறையில் நான் வளர்ந்த தோட்டத்தில் இரவு ஜெனரேட்டர் நின்றதும், பெரிய பையன்கள் டார்ச் லைட்டைத் தாடைக்குக் கீழே பிடித்துப் பேயாகிவிடுவார்கள். தெரிந்த முகம்தான். ஆனால் நிழலெல்லாம் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் விழுவதால் கணக்குத் தப்பிப்போய் மூளை திணறும். மரத்தடி முனீஸ்வரர் சிலையும் இரவில் காலடி விளக்கு வெளிச்சத்தில் கண்ணை உருட்டுவார். அவருக்குக் கோபம் என்று யாராவது சொன்னால் லயத்து வீடுகளே நடுங்கும். காலையில் போய்ப் பார்த்தால் புன்னகைதான். சாமியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. விளக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இப்போது கெம்போங் மீனுக்கு வருகிறேன். சௌரஸ்தா மார்க்கெட்டில் ஐஸ்மேல் அடுக்கியிருக்கும் கெம்போங்கைக் கவனியுங்கள். முதுகு நீலப்பச்சையாகக் கருத்திருக்கும், வயிறு வெள்ளி. கடலில் வெயில் மேலிருந்து விழுந்து முதுகை வெளுக்கச் செய்யும், வயிறு நிழலில் கருக்கும். மீனின் சொந்த நிறமோ இதற்கு நேர் எதிர். கூட்டிக் கழித்தால் உடம்பு முழுக்க ஒரே சாயல். உருண்டை மீன் தட்டையாகிவிடும், பின்னால் இருக்கும் தண்ணீரோடு கரைந்துவிடும். இந்த வித்தையை 1896இல் விளக்கியவர் அபட் தேயர் என்ற அமெரிக்கர். அவர் ஓவியர் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நிழல் தீட்டி உருண்டையாக்கத் தெரிந்தவருக்குத்தானே நிழலை அழித்துத் தட்டையாக்குவதும் புரியும்?

கெம்போங் ஒளிந்துகொள்ளச் செய்யும் வேலையை, 2013க்குப் பிறகு நம் பொத்தான்கள் விளங்காமலே செய்யத் தொடங்கின. நிழல் போய், ஓரம் போய், கடைசியில் நீல எழுத்து மட்டும் மிஞ்சியது. அது பொத்தானா, வெறும் சொல்லா? ஐஓஎஸ் 7 வந்து சில மாதங்களிலேயே, 2014 மார்ச்சில் வந்த 7.1இல், பொத்தான்களுக்கு உருவம் காட்டும் ஒரு தெரிவை ஆப்பிள் அமைப்புகளில் சேர்த்தது. என் கருத்து இதுதான்: தோலையும் மரத்தையும் தூக்கி எறிந்தது சரி, அவை வெறும் அலங்காரம். ஆனால் அவற்றோடு நிழலையும் சேர்த்து எறிந்துவிட்டார்கள். நிழல் அலங்காரம் அல்ல, "இதை அமுக்கலாம்" என்று கண்ணுக்குச் சொல்லும் சொல். 2014இல் வந்த கூகுளின் 'மெட்டீரியல் டிசைன்' என்ற திரை வடிவமைப்பு முறை இதைப் புரிந்துகொண்டது. திரையில் இருப்பவை காகிதத் தாள்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு உயரம் உண்டு, மேலே கற்பனை விளக்குகள் எரிகின்றன, உயரத்துக்கு ஏற்ப நிழல் விழும் என்று கணக்கே போட்டு வைத்தார்கள்.

ஆனால் நிழல் மட்டும் நம்மூரில் போதாது. திரையில் வெள்ளைக்கு 500 அலகு, சாம்பலுக்கு 300 அலகு ஒளி என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் நின்றால் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி 1000 அலகு இரண்டிலும் சேரும். 1500க்கும் 1300க்கும் என்ன பெரிய வித்தியாசம்? மெல்லிய நிழல்தான் முதலில் காணாமல் போகும். லிட்டில் இந்தியாவில் வெயிலில் நின்று பணம் கட்டுகிறவருக்குத் தேவை அழுத்தமான ஓரமும் தடித்த எழுத்தும்தான்.

கண்ணாடிப் பொத்தான் வேறு கதை. அது ஓரத்தில் பின்புறப் படத்தை வளைத்துக் காட்டுகிறது, கைப்பேசியை அசைத்தால் மினுக்கம் நகர்கிறது. ஒளிவிலகலை அந்தந்த நொடியில் கணக்கிட்டுக் காட்டுவது பெரிய வேலை, மனதாரப் பாராட்டலாம். ஆனால் பின்னால் என்ன படம் வருகிறதோ அதற்குத் தகுந்தபடி முன்னால் இருக்கும் எழுத்து தெளியும் அல்லது மங்கும். கண்ணாடியின் தெளிவைக் குறைத்துக்கொள்ளும் தெரிவு ஒன்று சில வாரங்களிலேயே வந்துவிட்டது. 2014 ஞாபகம் வருகிறதா?

என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. வயதானால் கண்ணின் வில்லை மஞ்சளிக்கும், மெல்லிய வேறுபாடுகளைப் பிரிக்கும் திறன் குறையும். அம்மா பயன்படுத்தும் ஒரு வங்கிச் செயலியில் 'தொடர்க' என்ற சொல் வெள்ளைத் தரையில் வெளிர் சாம்பல் நிறத்தில் ஓரமில்லாமல் மிதக்கிறது. போன மாதம் பத்து நிமிடம் தேடிவிட்டு, "இதில் பட்டனே இல்லையேடா" என்று என்னிடம் நீட்டினார். நான் அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். இப்போது எழுத்தைப் பார்ப்பதே இல்லை. திரையின் கீழிருந்து ஒரு கட்டை விரல் உயரம், நடுவில் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார், அடுத்த புதுப்பிப்பு வரும்வரை.