தறிச் சத்தத்தில் பேசுகிறவர்கள்

"கர்ப்பத்தைக் கலைக்கணும்னா யார் கையெழுத்து போடணும்?"

கருத்தடை, கருக்கலைப்பு பற்றிப் பெண்களோடு பேசவும் ஆஸ்பத்திரிக்குத் துணை போகவும் இளவட்டங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள் நான். புதிய பேட்ச் சேரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் ஊரான நகரியில் கடைசியாக நடத்திய பயிற்சிக்குப் பதினாறு பேர் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் பதினெட்டிலிருந்து இருபத்துநாலு வயதுக்குள். நாலு பேர் பையன்கள். பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். "வீட்டுக்காரர்" என்று பாதிப் பேர். "மாமியார்" என்று இரண்டு பேர். "ரெண்டு வீட்டுப் பெரியவங்களும்" என்று ஒரு சீட்டு. "அந்தப் பொண்ணு" என்று எழுதியிருந்தது ஒரே ஒரு சீட்டுதான். அதிலும் அதை அடித்துவிட்டு "புருஷன்" என்று திருத்தியிருந்தது.

அடிக்கப்பட்ட அந்தப் பதில்தான் சரி என்று சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, பதினெட்டு நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். சம்மதம் எழுதி வாங்கும் 'சி' படிவத்தில் கணவன் கையெழுத்துக்கு இடமே கிடையாது. 2021 திருத்தத்தில், கருத்தடை தவறிய கர்ப்பத்தைப் பற்றிய இடத்தில் 'மணமான பெண், அவள் கணவன்' என்று இருந்ததை 'பெண், அவள் துணை' என்று மாற்றினார்கள். மணமாகாதவர்களைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆனால் கேட்டவுடன் செய்தே ஆக வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து வேண்டும். இருபதிலிருந்து இருபத்துநாலு வரை இரண்டு டாக்டர்கள், அதுவும் விதிகளில் சொன்ன சில நிலைமைகளுக்கு மட்டும். இந்த நுணுக்கத்தை விட்டுவிட்டு "எங்க உரிமை" என்று கவுன்டரில் போய்ச் சத்தம் போட்டால், கூட்டிப்போன பெண்ணுக்குத்தான் சங்கடம்.

1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. கல்யாணம் கார்த்திக்கெல்லாம் எல்லை ஏது? பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், இருபதிலிருந்து இருபத்துநாலு வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன்பே கல்யாணமானவர்கள் தமிழ்நாட்டில் 12.8 சதவீதம், ஆந்திராவில் 29.3 சதவீதம். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அம்மா, பெரியம்மாக்களில் பலருக்கு ஆஸ்பத்திரிப் பேப்பரை எழுத்துக்கூட்டக்கூட வராது. அந்த வீடுகளில் இவர்கள்தான் கண். இந்த வேலைக்கு இளவட்டங்களை நான் தேடிப் போவதற்குக் காரணமே அதுதான்.

முதல் பேட்ச்சில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மேடைப் பேச்சு, முழக்கம், பேனர் எழுதுவது என்று மூன்று நாள் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே பேசினார்கள். அதில் ஒருத்தி, பக்கத்துத் தெரு அக்கா நம்பிச் சொன்ன விஷயத்தைப் பெயர் சொல்லாமல் ஒரு கூட்டத்தில் உதாரணமாகச் சொல்லிவிட்டாள். பத்துத் தெரு இருக்கிற இடத்தில் பெயர் எதற்கு? அன்று சாயங்காலமே யார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்த அக்கா அதற்குப் பிறகு எங்கள் யாரோடும் பேசவில்லை. தப்பு அந்தப் பெண்ணுடையது இல்லை, சொல்லிக்கொடுக்காத என்னுடையது. அன்றிலிருந்து முதல் நாள் முழுக்கக் காது கொடுப்பதும் வாய் கட்டுவதும்தான். மேடைப் பேச்சு கடைசி நாள், நேரம் இருந்தால்.

கூடவே இன்னொன்றும் சொல்கிறேன். எதிரில் இருப்பவருக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, அப்படி ஒரு குற்றம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. அதைப் பேச்சின் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐக் கையில் எழுதிக் காட்டச் சொல்வேன்.

ரகசியம் பேச எங்கள் ஊரில் இடம் எங்கே இருக்கிறது? ஒட்டு ஒட்டாக வீடு, திண்ணை முழுக்க ஆள். இதற்கு வழி கண்டுபிடித்தது நான் இல்லை, தறியில் பாவு நூல் பிணைக்கிற ஒரு பெண். "தறி ஓடும்போது பக்கத்துல நின்னுக்கினு பேசுக்கா. காதுல வாய வெச்சாத்தான் கேக்கும். வேற யாருக்கு இன்னா கேக்கப்போவுது?" என்றாள். விசைத்தறிச் சத்தம் தலைவலி என்று இருபது வருஷமாகப் புலம்பியவள் நான். இப்போது எங்கள் பிள்ளைகள் பாதிப் பேச்சை அங்கேதான் முடிக்கிறார்கள்.

அப்படிக் காதுக்குள் அதிகம் வருவது 'ஆபரேஷன்' பேச்சுதான். இங்கே கருத்தடை என்றாலே பெண்ணுக்கு ஆபரேஷன். முன்பு சொன்ன குடும்பநல ஆய்வில் இந்தியா முழுக்க மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் அதைச் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்ட கணக்கு 0.3. ஆந்திராவிலோ பத்துக்கு ஏழு பெண்கள். இதைப் பலகையில் எழுதியதும் பையன்கள் வரிசையில் சிரிப்பு. ஆணுக்குத் தையலில்லாமல் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை, அவ்வளவுதான் என்றேன். சிரிப்பு நின்றது. "தறி ஓட்ட முடியுமாக்கா?" என்றான் ஒருவன். முடியும். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பளு தூக்கக் கூடாது. இந்தக் கேள்வி வந்த பிறகுதான் பையன்களோடு பேச்சே தொடங்கியது என்று நினைக்கிறேன்.

2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து, பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மூன்று வருஷத்துக்குள் முகாம்களை நிறுத்தச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் பயிற்சியில் கருத்தடை ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தை ஒரு பெரியவருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும் என்று ஒரு பாடமே வைத்திருக்கிறேன்.

இந்த முறை ஒரு பெண் தன் பெரியம்மாவை அழைத்து வந்தாள். தெலுங்கு வரி ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னாள். இது நிரந்தரம். வேறு முறைகளும் இருக்கின்றன. யாருடைய வற்புறுத்தலும் இல்லை. எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம், சொன்னால் மற்ற சிகிச்சை நின்றுபோகாது.

பெரியம்மா அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு பேப்பரை வாங்கி, படிக்கத் தெரியாமலே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ரேகை வெச்ச பேப்பர்லயும் இது இருந்துச்சா?"