நீரொட்டா அணியுணரி

மலேசியாவின் பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. அங்குள்ள மின்னணு ஆலைகளில் வேலை பார்த்தவர்களின் பினாங்குத் தமிழ் வீடுகளில் ‘சென்சார்’ சமையல்கட்டு வரைக்கும் வந்துவிட்ட சொல். அதற்குத் தமிழ், உணரி. ‘உணர்’ என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்தால் ‘உணர்வது’ என்று பொருள். மண்வெட்டி, பூச்சிக்கொல்லி எல்லாம் இதே முறையில் பிறந்தவைதான்.

உடலில் அணிந்துகொள்ளும் உணரியை ‘அணியக்கூடிய உணரி’ என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் நீளம். ‘அணியுணரி’ போதும். அணிந்த, அணிகின்ற, அணியும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை அது. ஊறுகாய் என்று சொல்லிப் பழகிய நாவுக்கு இது கடினமில்லை.

சிக்கல் முன்னொட்டில்தான். ஈரத்திலும் வியர்வையிலும் வேலை செய்யும் புதிய வகை அணியுணரிகளை ஆய்வாளர்கள் ‘சூப்பர்ஹைட்ரோஃபோபிக்’ என்கிறார்கள். ‘ஹைட்ரோ’, ‘ஃபோபிக்’ இரண்டும் கிரேக்க வேரிலிருந்து வந்தவை: நீர், அச்சம். ‘சூப்பர்’ லத்தீன். இதை அப்படியே ‘மீநீர்வெறுப்பு’ என்று பெயர்த்திருப்பதைப் பார்க்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. நீர்வெறுப்பு என்றால் வெறிநாய்க்கடி நோய் என்பது தமிழில் ஏற்கெனவே நிலைத்த பொருள். மருத்துவக் கருவிக்கு வைக்கும் பெயரில் ஒரு நோயின் சாயல் விழக்கூடாது. அதோடு, பரப்பு எதையும் வெறுப்பதில்லை. நீர் அதில் ஒட்டுவதில்லை, அவ்வளவுதான்.

தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வருவது இதைத்தான். மலாய்க்காரர்களுக்கு இதே வேலையைச் செய்வது சேம்பிலை: ‘கெலாடி இலையில் நீர் ஊற்றியது போல’ என்பார்கள், சொன்ன புத்தி ஏறாதவரைப் பற்றி. கெலாடி என்றால் சேம்பு. கடைகளில் மழையங்கி மீது காணும் ‘காலிஸ் ஆயர்’ என்ற மலாய்த் தொடரும் நீர் ஒட்டாத தன்மையைச் சுட்டுவதே.

இலையில் என்ன நடக்கிறது என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் வில்ஹெல்ம் பார்ட்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுய்ஸும் 1997இல் விளக்கினார்கள். தாமரை இலையின் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய மேடுகள், அவற்றின் மேல் அதைவிட நுண்ணிய மெழுகுத் துகள்கள். துளி மேடுகளின் முனையில் மட்டும் உட்காருகிறது. அடியில் காற்று சிக்கி நிற்கிறது. துளி பரப்பைத் தொடும் கோணம் 90 பாகையைத் தாண்டினால் நீரொட்டாப் பரப்பு. 150 பாகையைத் தாண்டி, 10 பாகைக்குள் சாய்த்தாலே துளி உருண்டோடினால் அதுதான் ‘சூப்பர்’. அதற்கு ‘மீ’ சேர்த்து மீநீரொட்டாப் பரப்பு எனலாம். கருவியைக் குறிக்க நீரொட்டா அணியுணரி போதும்.

உணரிக்கு இது ஏன் வேண்டும்? நீட்டக்கூடிய துணியிலோ ரப்பரிலோ கார்பன் நுண்குழாய், கிராஃபீன் போன்ற மின்கடத்திகளைப் பூசுகிறார்கள். மூட்டு மடங்கும்போது பூச்சு இழுபட்டு மின்தடை மாறுகிறது. அந்த மாற்றமே அசைவின் அளவு. இடையில் உப்பு கலந்த வியர்வை புகுந்தால் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும், அளவு குழம்பிவிடும். பினாங்கின் புழுக்கத்தில் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறிப் பார்த்தவர்களுக்கு வியர்வை எவ்வளவு ஊறும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர், தெலுக் பாஹாங்கில் வலை இழுக்கும் மீனவர், அமிலம் தெறிக்கும் ஆலைத் தொழிலாளி, நீச்சல் வீரர் என்று இந்தக் கருவி உதவக்கூடிய உடல்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் நனைபவை.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்பதற்கு உள்ள ‘நீர்புகா’ இங்கே பொருந்தாது. நீர்புகாக் கைக்கடிகாரத்தை மூடி காக்கிறது. மேலே ஈரம் தங்கினாலும் கவலையில்லை. நீரொட்டா உணரியில் ஈரம் தங்குவதே இல்லை, மூடியும் தேவைப்படாது. துணி மூச்சுவிடும் இடைவெளி அப்படியே இருப்பதால் தோலும் புழுங்காது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நுண்மேடுகள் உராய்வில் தேய்ந்தால் குணம் போய்விடும், சோப்பு நீரும் எளிதில் பரவி நனைத்துவிடும், நீருக்கடியில் அழுத்தம் கூடினால் சிக்கிய காற்றும் கரைந்து வெளியேறலாம். ஆகவே விளம்பரத்தில் நீரொட்டா என்று இருந்தால் ‘மூழ்கடிக்கலாம்’ என்று படிக்காதீர்கள்.

எண்ணெயும் ஒட்டாத பரப்புகளும் இருக்கின்றன. அவற்றை எண்ணெயொட்டாப் பரப்பு எனலாம். நீர், எண்ணெய் இரண்டையும் தள்ளுபவற்றுக்கு ‘எதுவுமொட்டா’ என்று வைத்துப் பார்க்கிறேன். இதைவிட நறுக்கான சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.