பல்லுல மங்கலா வெள்ளைப் புள்ளி தெரியுதா? அப்பவே வந்தீங்கன்னா ட்ரில் தேவைப்படாது

"டாக்டர், நேத்து வரைக்கும் ஒண்ணுமே இல்ல, ராத்திரி திடீர்னு ஆரம்பிச்சிடுச்சு"ன்னு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றவங்கள ஒரு பல் டாக்டரா நான் தினமும் பார்க்கறேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா சொத்தை நரம்பு வரைக்கும் போயிருக்கும். அது ஒரே ராத்திரியில வந்தது கிடையாது, மாசக்கணக்கா, சில பேருக்கு வருஷக்கணக்கா சத்தமே இல்லாம உள்ள போய்க்கிட்டே இருந்திருக்கும், வலிக்கலைங்கறதால யாரும் கண்டுக்கலை. பல்லோட மேல் ஓடு, அதான் எனாமல், அதுல நரம்பும் கிடையாது, உயிருள்ள செல்லும் கிடையாது. அதனால அங்க என்ன நடந்தாலும் உங்களுக்கு வலி தெரிய வாய்ப்பே இல்ல. அடுத்த லேயரான டென்டினுக்குப் போனப்புறம்தான் ஜில்லுன்னு குடிச்சா கூசும், இனிப்பு பட்டா சுருக்குன்னு இருக்கும், அதுக்கும் உள்ள நரம்பு இருக்கற இடத்தை நெருங்கினாதான் தூங்கவிடாத வலி. அப்போ வந்தா எங்களால செய்ய முடிஞ்சது ரூட் கேனால், இல்லன்னா பல்லைப் பிடுங்கறது.

நான் இன்னிக்குப் பேச நினைக்கறது அதுக்கு ரொம்ப முன்னாடி வர்ற கட்டத்தைப் பத்தி. ஓட்டை விழறதுக்கு முன்னாடி பல்லு ஒரு அறிகுறி காட்டும், பெரும்பாலானவங்களுக்கு அது தெரியாது.

போன மாசம் ஒரு பொண்ணு, பத்து வயசு இருக்கும், அவங்க அம்மா பல்லு வரிசை பத்திக் கேக்கத்தான் கூட்டிட்டு வந்தாங்க. மேல் முன்பல்லை காத்து அடிச்சு காயவெச்சுப் பார்த்தேன், ஈறை ஒட்டினாப்ல பளபளப்பே இல்லாம மங்கலா வெள்ளையா ஒரு கோடு. அம்மாவைக் கூப்பிட்டு கண்ணாடியில காமிச்சேன், பல்லு ஈரமானதும் அந்தக் கோடு பாதி மறைஞ்சுபோச்சு, திரும்ப காயவெச்சா தெளிவா தெரியுது. "இது கறைதானே டாக்டர், தேய்ச்சா போயிடும்ல"ன்னு கேட்டாங்க. கறை இல்லம்மா, அந்த இடத்துல எனாமல்ல இருந்த கால்சியமும் பாஸ்பேட்டும் கரைஞ்சு வெளிய போய் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன துளையா ஆயிருக்கு, மேல் தோல் இன்னும் உடையலை, உடையாத வரைக்கும் இதைத் திருப்பிக் கொண்டுவர முடியும்னு சொன்னேன். ஃப்ளோரைடு வார்னிஷ், அதான் எனாமலை உறுதியாக்கற ஒரு பூச்சு, அதைப் பூசி, ராத்திரி பிரஷ் பண்றதையும் நடுவுல நடுவுல சாப்பிடறதையும் மாத்தச் சொல்லி அனுப்பினேன். ட்ரில்லைக் கையிலயே எடுக்கலை. (வெள்ளையா இருக்கறதெல்லாம் சொத்தையோட ஆரம்பம்னு பயந்துடாதீங்க, பல்லு உருவாகறப்பவே வந்த வெள்ளைத் திட்டும் உண்டு, ஃப்ளோரைடு அதிகமான தண்ணியால வர்றதும் உண்டு, எதுன்னு பார்த்துச் சொல்றது எங்க வேலை.)

இது எப்படி நடக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டா என்ன செய்யணும்னு யாரும் சொல்லித்தரவே வேண்டாம். பல்லு மேல எப்பவும் ஒரு பிசுபிசுப்பான படலம் இருக்கும், பிளேக்னு சொல்வோம், அது முழுக்க பாக்டீரியா. நீங்க சாப்பிடற சர்க்கரையைத்தான் அதுவும் சாப்பிட்டு ஆசிட் விடுது. வாயில பிஹெச், அதாவது ஆசிட் ஏற ஏற இறங்கற ஒரு அளவு, ஏறக்குறைய 5.5க்குக் கீழ இறங்கினா எனாமல் கரைய ஆரம்பிக்கும். இனிப்பு உள்ள போன சில நிமிஷத்துலயே அந்த இறக்கம் நடக்குது, அப்புறம் உமிழ்நீர் கொஞ்சம் கொஞ்சமா ஆசிட்டை சமன்படுத்தி, தன்கிட்ட இருக்கற கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திருப்பிப் பல்லுக்குக் கொடுக்கும். இதுக்கு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் ஆகலாம். 1940கள்லயே ஸ்டீஃபன்ங்கற விஞ்ஞானி பல்லு மேல இருக்கற பிளேக்ல இதை அளந்து காட்டிட்டாரு, இன்னிக்கும் பல் மருத்துவம் படிக்கற பசங்களுக்கு அந்த கிராஃபைத்தான் ஸ்டீஃபன் கர்வ்னு சொல்லித்தர்றோம்.

இப்ப இதை உங்க நாளோட வெச்சுப் பாருங்க. ஒருத்தர் சாப்பாடு முடிஞ்ச கையோட ஒரு பெரிய இனிப்பு சாப்பிட்டுட்டு வாயை மூடிட்டாரு. இன்னொருத்தர் ஒரே ஒரு கப் சர்க்கரை போட்ட காபியை வேலை பார்த்துக்கிட்டே காலைல இருந்து மதியம் வரைக்கும் ஒவ்வொரு வாயா குடிக்கறாரு. சர்க்கரை கம்மி ரெண்டாவது ஆளுக்குத்தான், ஆனா பல்லு அதிகமா கெடறதும் அவருக்குத்தான், ஏன்னா பிஹெச் மேல ஏறி வர்றதுக்குள்ள அடுத்த வாய், அது ஏறதுக்குள்ள அடுத்தது, பல்லுக்கு திருப்பி எடுத்துக்க நேரமே கிடைக்கலை. "நான் இனிப்பே சாப்பிடறதில்லையே டாக்டர், எனக்கு எப்படி சொத்தை?"ன்னு கேக்கறவங்ககிட்ட நான் என்னென்ன சாப்பிடறீங்கன்னு கேக்கறதை விட எத்தனை தடவைன்னுதான் கேப்பேன். அப்பதான் பிஸ்கட், ஜூஸ், வாயில அடக்கிக்கற இருமல் மிட்டாய், எக்சர்சைஸ் பண்றப்ப குடிக்கற எனர்ஜி டிரிங்க் எல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வரும். இனிப்பை அடியோட விட்டுடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், சாப்பாட்டோட சேர்த்து சாப்பிட்டு முடிச்சுடுங்க, நடுவுல தாகம்னா வெறும் தண்ணி குடிங்க.

ராத்திரி பிரஷ் பண்றதை நாங்க ஏன் இவ்வளவு வற்புறுத்தறோம்னா, தூங்கறப்ப உமிழ்நீர் சுரக்கறது ரொம்பக் குறைஞ்சுபோகும். ஆசிட்டை சமன்படுத்தவும் ஆள் இல்ல, கால்சியத்தைத் திருப்பிக் கொடுக்கவும் ஆள் இல்ல. காலைல மட்டும் பளிச்சுன்னு தேய்ச்சுட்டு ராத்திரி அப்படியே படுத்துடறவங்க, பல்லுக்குப் பாதுகாப்பு குறைவா இருக்கற நேரத்துலதான் அதைத் தனியா விட்டுடறாங்க. குழந்தை வாயில பால் பாட்டிலை வெச்சபடியே தூங்க வெக்கறதும் இதே கதைதான், மேல் முன்பல்லு நாலும் கரைஞ்சுபோய் வர்ற குழந்தைங்களைப் பார்க்கறப்ப மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும், தயவுசெஞ்சு அந்தப் பழக்கத்தை விட்டுடுங்க. தூங்கறதுக்கு முன்னாடி பாலைக் கொடுத்து முடிச்சு, பல்லைத் துடைச்சு விட்டுட்டு படுக்க வைங்க. அலர்ஜி, பிபி, மன அழுத்தம் இதுக்கெல்லாம் சாப்பிடற மாத்திரைகள்ல சிலது வாயை வறட்டும், அவங்களுக்குப் பகல்லயே இந்த நிலைமைதான், அதனால வாய் காயுதுன்னா அதை எங்ககிட்ட சொல்லுங்க.

பேஸ்ட் எது நல்லதுன்னு எல்லாரும் கேக்கறீங்க. எந்த பிராண்டா வேணா இருக்கட்டும், டியூப் பின்னாடி திருப்பி ஃப்ளோரைடு இருக்கான்னு பாருங்க, பெரியவங்களுக்கு 1000ல இருந்து 1500 பிபிஎம் வரைக்கும் இருந்தா போதும். கரைஞ்ச இடத்துல கால்சியம் திரும்பி உக்காரறப்ப ஃப்ளோரைடும் கூட இருந்தா பழைய எனாமலை விட ஆசிட்டைத் தாங்கற எனாமலா அது மாறும். மூணு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு ஒரு அரிசி அளவு, மூணுல இருந்து ஆறு வரைக்கும் பட்டாணி அளவு, அதுக்கு மேல வேண்டாம், முழுங்காம பார்த்துக்கங்க. அப்புறம் இதைச் சொன்னா பல பேர் நம்ப மாட்டேங்கறாங்க, பிரஷ் பண்ணி முடிச்சதும் நுரையைத் துப்பிடுங்க, ஆனா தண்ணி ஊத்தி ஊத்திக் கொப்பளிக்காதீங்க. கொப்பளிச்சா ஃப்ளோரைடு பெரும்பாலும் வாஷ்பேசினுக்குத்தான் போகுது, பல்லுல கொஞ்சம்தான் தங்கும். முதல் ரெண்டு மூணு நாள் வாயில ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் பழகிடும். கரி கலந்த பேஸ்ட், சொரசொரப்பான பொடி இதெல்லாம் பல்லை வெள்ளையாக்குதுன்னு விளம்பரம் பார்த்து வாங்காதீங்க, அது எனாமலைத் தேய்க்குது. தேய்ஞ்ச எனாமல் திரும்ப வளராது.

தேய்க்கறதுன்னதும் ஞாபகம் வருது, பாத்திரம் விளக்கற மாதிரி பல்லு விளக்கறவங்க இருக்காங்க. வலது கைக்காரங்களுக்கு அனேகமா இடது பக்கம் கோரைப்பல்லுலயும் அதுக்குப் பின்னாடி இருக்கற பல்லுலயும் ஈறு ஓரமா வெட்டுப்பட்டாப்ல பள்ளம் விழுந்திருக்கும், நகத்தை வெச்சுப் பார்த்தா மாட்டும், ஜில்லுன்னு எது பட்டாலும் கூசும். சாஃப்ட் பிரஷ் வாங்குங்க, ஈறும் பல்லும் சேர்ற இடத்துல 45 டிகிரி சாய்ச்சு வெச்சு சின்னச் சின்னதா அசைச்சு, ரெண்டு நிமிஷம், உள்பக்கமும் சேர்த்து. மூணு மாசத்துக்கு ஒரு தடவை, இல்ல நார் விரிஞ்சுபோனா அதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. எலுமிச்சை, கூல்டிரிங்க் மாதிரி புளிப்பா எதாவது குடிச்ச உடனே பிரஷ் பண்ணாதீங்க, அப்ப எனாமல் இளகி இருக்கும், அரை மணி நேரமாவது விடுங்க. ரெண்டு பல்லுக்கு நடுவுல எந்த பிரஷ்ஷும் போகாது, அங்க ஃப்ளாஸ், அதான் பல்லிடுக்கை சுத்தம் பண்ற நூல், இடைவெளி பெருசா இருந்தா அதுக்குன்னு இருக்கற சின்ன பிரஷ்.

ஈறுக்கும் இதே மாதிரி திரும்பி வரக்கூடிய ஒரு கட்டம் இருக்கு. பிரஷ் பண்றப்ப ரத்தம் வருதுன்னா அதுதான் அது. ரத்தம் வருதேன்னு பயந்து அந்த இடத்தை மட்டும் தொடாம விட்டுடறாங்க, அழுக்கு இன்னும் சேருது, ரத்தம் இன்னும் அதிகமாகுது. மெதுவா, ஆனா கண்டிப்பா அந்த இடத்தையும் சுத்தம் பண்ணணும், ஒண்ணு ரெண்டு வாரத்துல ரத்தம் நின்னுடும். நிக்கலைன்னா காரை, அதான் கல்லா இறுகிப்போன பிளேக், படிஞ்சிருக்கும், அது பிரஷ்ஷுக்கு வராது, நாங்கதான் எடுக்கணும். கவனிக்காம விட்டா ஈறுக்கு அடியில இருக்கற எலும்பு கரைய ஆரம்பிக்கும், கரைஞ்ச எலும்பு பழையபடி தானா வளராது. சுகர் இருக்கறவங்களுக்கு இது வேகமா நடக்கும், ஈறு நோய் இருந்தா சுகரும் கட்டுக்குள்ள வர கஷ்டப்படும். சிகரெட் பிடிக்கறவங்களுக்கு ஈறுல ரத்தம் அவ்வளவா வராமலேயே உள்ளுக்குள்ள நோய் முத்தலாம், அதனால ரத்தம் வரலைங்கறதை வெச்சு நிம்மதியா இருந்துடாதீங்க.

க்ளீனிங் பண்ணா பல்லு ஆடும், இடைவெளி விழும்னு ஒரு பயம் எல்லா வயசுக்காரங்ககிட்டயும் இருக்கு. வருஷக்கணக்கா சேர்ந்த காரை பல்லுகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பிடிச்சிருக்கும், அதை எடுத்ததும் எலும்பு ஏற்கெனவே கரைஞ்சதால வந்த இடைவெளியும் ஆட்டமும் வெளிய தெரியுது. கொஞ்ச நாள் கூசும், அப்புறம் சரியாயிடும். ஆடற பல்லைக் காப்பாத்தவே அந்த காரையை எடுக்கறோம்.

ஆறு வயசு குழந்தை வெச்சிருக்கவங்க இதை மட்டும் தவறாம பாருங்க. அந்த வயசுல பால் பல்லு எதுவும் விழாமலேயே, வரிசையில கடைசியா, பின்னாடி ஒரு கடவாய்ப் பல்லு முளைக்கும். எதுவும் விழலையேன்னு அதையும் பால் பல்லுன்னே நினைச்சு, சொத்தையானாலும் விழுந்து முளைக்கும்னு விட்டுடறாங்க. அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்லு, திரும்ப முளைக்காது. மேல ஆழமான கோடு கோடா இருக்கும், பிரஷ் நார் உள்ள போகாது, அதனால முளைச்சு வந்ததும் அந்தப் பள்ளத்தை சீலன்ட் போட்டு அடைச்சுடலாம், ஊசி கிடையாது, வலி கிடையாது, சில நிமிஷ வேலை.

வலிச்சுக்கிட்டிருந்த பல்லு திடீர்னு வலி நின்னுபோச்சுன்னா நல்லாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, பல சமயம் உள்ள நரம்பு செத்திருக்கும், கிருமி வேர் நுனிக்குப் போயிருக்கும். நீங்களா ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டா வீக்கம் கொஞ்சம் அடங்கலாம், காரணம் உள்ளயே உக்காந்திருக்கும். வலி மாத்திரையை முழுங்காம ஈறுலயே வெச்சுக்கறவங்களுக்கு அந்த இடம் வெந்து புண்ணாகிடும். தாடைக்கு அடியில வீங்கி, வாய் திறக்க முடியாம, முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தா பல் டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. விளையாடறப்ப நிரந்தரப் பல்லு வேரோட விழுந்துட்டா வேரைத் தொடாம, வாயில வெளிய தெரியற தலைப்பக்கமா பிடிச்சு எடுத்து, அழுக்கா இருந்தா பால்லயோ தண்ணியிலயோ ஒரு அலசு அலசி அதே குழியில வெச்சுடுங்க, முடியலைன்னா பால்ல போட்டு அரை மணி நேரத்துக்குள்ள எங்ககிட்ட கொண்டு வாங்க, திரும்பப் பொருத்தலாம். விழுந்தது பால் பல்லுன்னா திருப்பி வெக்காதீங்க, அடியில இருக்கற புதுப் பல்லுக்கு அடிபடும்.

வாயில ஒரு புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாம இருந்தா, வலி இல்லைன்னாலும் காட்டிடுங்க, புகையிலை பழக்கம் இருந்தா ஒரு நாள்கூட தள்ளிப் போடாதீங்க. வர்றப்ப நீங்க சாப்பிடற மாத்திரைச் சீட்டையெல்லாம் கையோட எடுத்துட்டு வாங்க, முக்கியமா எலும்பு தேய்மானத்துக்குப் போடற மருந்து, ரத்தம் உறையாம இருக்கப் போடற மாத்திரை. பல்லு பிடுங்கணுமேன்னு அந்த ரத்த மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, பெரும்பாலும் நிறுத்தாமலேயே பிடுங்க முடியும், நிறுத்தணுமா வேண்டாமான்னு உங்க டாக்டர்கிட்ட நாங்க பேசிட்டு சொல்றோம்.