மூண்டை ஏன் திருப்பி எழுதுறான்?

கோண்டாவில்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருந்தா. மகன் முதலாம் ஆண்டு, 3ஐ கண்ணாடில தெரியிற மாதிரி திருப்பி எழுதுறானாம், சிலநேரம் ‘உ’வும் அப்பிடித்தான், அழிச்சுப்போட்டு எழுதச் சொன்னாலும் திரும்ப அதே, அப்பம்மா சாத்திரியிட்ட குறிப்பைக் காட்டச் சொல்லுறாவாம்.

முதல்ல அந்தக் குறிப்பைக் கொண்டுபோய் அலுமாரிக்குள்ள வையுங்கோ.

முதலாம் ஆண்டில என்ன படிப்பிக்கினம் எண்டு தெரியும்தானே. தமிழ், கணிதம், சமயம், சுற்றாடல், கொஞ்சம் வாயால கதைக்கிற இங்கிலீஸ், மிச்சம் பாட்டும் விளையாட்டும். இதுக்குள்ள மூளைக்குப் பெரிய வேலை எழுத்துத்தான். கதைக்கிறது மனுசருக்கு எத்தினையோ ஆயிரம் தலைமுறையாப் பழகின விசயம், எழுத்து வந்து ஒரு 5000 வருசம் சொச்சம்தான், அதுக்குள்ள வாசிக்கிறதுக்கெண்டே தனியா ஒரு பகுதி மூளையில உருவாக நேரம் காணாது. அப்ப பிள்ளை எதை வைச்சு வாசிக்குது?

ஏற்கனவே இருக்கிறதைத்தான். முகம், மிருகம், சாமான் எல்லாத்தையும் பாத்து இன்னது எண்டு சொல்லுற பகுதி மூளையின்ர அடிப்பக்கத்தில இருக்கு, அதில இடப்பக்கத்துத் துண்டு ஒண்டு வாசிக்கப் பழகப் பழக எழுத்துக்கெண்டு ஒதுங்கிப் போகுது. பிரான்ஸ் ஆய்வாளர் ஸ்டனிஸ்லாஸ் டெஹேன் ஆக்கள் 2010இல பிரேசில், போர்த்துக்கல் நாட்டவரை ஸ்கான் பண்ணிப் பாத்தவை, சின்னனில படிச்ச ஆக்கள், வளந்தாப்பிறகு எழுத்துப் படிச்ச ஆக்கள், படிக்கவே இல்லாத ஆக்கள் எண்டு மூண்டு பகுதியா. வளந்தாப்பிறகு படிச்சவைக்கும் அந்த இடம் மாறித்தான் இருந்தது.

இனித்தான் எனக்குப் பிடிச்ச இடம். அந்தப் பகுதிக்கு ஒரு பழைய பழக்கம் இருக்கு, இடம் வலத்தை அது கணக்கெடுக்கிறேல்ல. ஒழுங்கையில நாய் இடப்பக்கம் பாத்து நிண்டாலும் வலப்பக்கம் பாத்து நிண்டாலும் அது அதே நாய்தான், திரும்பி நிண்ட உடன வேற நாய் எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டா கடிதான் மிஞ்சும். குரங்குகளின்ர மூளையிலயும் ஒரு உருவத்துக்கும் அதின்ர கண்ணாடிப் பிம்பத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வேலை செய்யிற நரம்புக்கலங்கள் இருக்கு. ஆக உங்கட மகன் 3ஐத் திருப்பி எழுதேக்க அவன்ர மூளை பிழை விடேல்ல, வழமையாச் செய்யிறதைத்தான் செய்யுது, எழுத்துக்கு மட்டும் அந்தப் பழக்கத்தை விடவேணும் எண்டது அதுக்கு இன்னும் பிடிபடேல்ல. இடக்கைப் பிள்ளையள்தான் இப்பிடி எழுதுவினம் எண்டு சொல்லுவினம், அது சரியில்லை, வலக்கைப் பிள்ளையளும் எழுதுவினம். கூடத் திரும்புறது 2, 3, 7 மாதிரி இடப்பக்கம் பாக்கிற இலக்கங்கள், 5, 6 அவ்வளவா இல்லை. இங்கிலீஸ் எழுத்துகள் கனக்க வலப்பக்கம் பாக்கிறதைப் பாத்து, ‘ஓ, எல்லாம் அந்தப் பக்கம்தான் போல’ எண்டு பிள்ளை தானே ஒரு விதி போட்டுக்கொள்ளுது எண்டுதான் விளக்கம். ஆரும் சொல்லிக்குடுக்காத விதி!

இங்கிலீஸ் பிள்ளைக்கு சின்ன b-யும் சின்ன d-யும் ஒண்டுக்கொண்டு கண்ணாடி, திருப்பினா சொல்லே மாறிப்போகும், அதால மூளை கெதியாக் கண்டிப்பாகும். தமிழ்ல அப்பிடிச் சோடி இல்லை, திருப்பின ‘உ’ இன்னொரு எழுத்தா வராது. எரிக் பீடர்சன் எண்ட மொழியியலாளர் இதைத் தமிழ் ஆக்களிலயே பாத்தவர், ஒரு சின்ன உருவம் பெரிய உருவத்துக்குள்ள இருக்கோ எண்டு கேக்கேக்க, தமிழ் மட்டும் வாசிக்கிற கனபேர் எழுத்துத் தெரியாதவை மாதிரியே கண்ணாடிப் பிம்பத்தையும் ‘இருக்கு’ எண்டிச்சினம், இங்கிலீஸ் எழுத்தும் தெரிஞ்சவை ‘இல்லை’ எண்டிச்சினம். எங்கட எழுத்தை வைச்சு எவ்வளவு அழகான பரிசோதனை! எங்கட பிள்ளையள் தமிழ், இங்கிலீஸ், பேந்து சிங்களம் எண்டு மூண்டு எழுத்துப் படிக்கினம், இதை இங்க இருந்து ஆராயக் காசு குடுக்க ஆரும் இல்லை, ஐஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்சிப் ரியூசனுக்கு மட்டும் காசு ஆறா ஓடுது.

வீட்டில என்ன செய்யலாம்? கரின் ஜேம்ஸ் எண்ட அமெரிக்க ஆய்வாளர் வாசிக்கத் தெரியாத ஐஞ்சு வயசுப் பிள்ளையளை மூண்டு விதமா எழுத்துப் பழக்கினவ: தானா எழுதுறது, புள்ளிக்கோட்டுக்கு மேல கீறுறது, கீபோட்டில தட்டுறது. பிறகு எழுத்தைக் காட்டி ஸ்கான் பண்ணேக்க, வாசிப்புக்குரிய பகுதியள் தானா எழுதினதுக்குத்தான் நல்லா வேலை செய்தது, கோணல் மாணலா எழுதினாலும். அப்ப புள்ளிக்கோட்டுக் கொப்பியைக் குறையுங்கோ, போன் ஆப்பையும். ஏடு தொடக்கேக்க ஐயர் கையைப் பிடிச்சு அரிசியில எழுதுவிச்சவர்தானே, அதே அரிசியைச் சுளகில பரப்பிக் குடுங்கோ, இந்தமுறை கையைப் பிடியாதேங்கோ. எங்க தொடங்கி எந்தப் பக்கம் வளையிறது எண்டு பெரிசா ஒருக்கா எழுதிக் காட்டிப்போட்டு அழிச்சிடுங்கோ, பாத்து எழுதாமல் நினைவில இருந்து எழுதட்டும். திரும்பி வந்தா அடிக்கவும் வேண்டாம், ‘பிழை பிழை’ எண்டு கத்தவும் வேண்டாம், பக்கத்தில சரியா ஒண்டு எழுதிவிட்டாக் காணும்.

கனபேருக்கு ஏழெட்டு வயசில தானாப் போயிடும். அதுக்குப் பிறகும் நிக்குது, அதோட எழுத்தையும் ஒலியையும் சேத்து வாசிக்கவும் கஷ்டப்படுறான் எண்டா ரீச்சரோட கதைச்சுப்போட்டு பிள்ளையளின்ர டொக்டரிட்டக் காட்டுங்கோ. நூல் கட்டுறவரிட்ட இல்லை.