அக்விடக்ட் என்றால் நீர்ப்பாலமா?

தென் பிரான்சின் நீம் நகரைப் பற்றி அண்மையில் படித்த பயணக் கட்டுரை ஒன்று, ‘ரோமானியர் கட்டிய 50 கிலோமீட்டர் நீள நீர்ப்பாலம்’ என்கிறது. அக்விடக்ட் (aqueduct) என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டாலே ‘நீர்ப்பாலம்’ என்று எழுதிவிடும் இந்தப் பழக்கம் எரிச்சலூட்டுகிறது. 50 கிலோமீட்டருக்கு யார் பாலம் கட்டினார்கள்?

அந்தச் சொல் பிறந்த லத்தீனில் ‘அக்வா’ என்றால் நீர். ‘டூக்கரே’ என்றால் நடத்திச் செல்லுதல். பாலம் என்ற பொருளே அதில் இல்லை.

யூஸெஸ் ஊருக்கு அருகிலுள்ள ஊற்றிலிருந்து நீம் வரை தண்ணீர் வந்த வழிதான் அந்த 50 கிலோமீட்டர். கி.பி. முதல் நூற்றாண்டு வேலை. மொத்த இறக்கமே சுமார் 12 மீட்டர்தான். பெரும்பகுதி மண்ணுக்கடியில் ஓடியது. கார்தோன் ஆறு குறுக்கிட்ட இடத்தில் மூன்றடுக்கு வளைவுகளை 49 மீட்டர் உயரத்துக்கு எழுப்பி நீரை அக்கரை சேர்த்தார்கள். படங்களில் நாம் பார்ப்பது அதைத்தான். பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘பொன் த்யு கார்’, அதாவது கார் ஆற்றுப் பாலம் என்கிறார்கள்; கார் என்பது கார்தோனின் இன்னொரு பெயர். முழு வழிக்குத்தான் ‘அக்த்யுக்’ என்று பெயர். அவர்கள் பிரித்துச் சொல்வதை நாம் ஏன் ஒன்றாக்க வேண்டும்?

‘மேல்நிலைக் கால்வாய்’ என்பாரும் உண்டு. மண்ணுக்கடியில் ஓடியதற்கு மேல்நிலை எங்கே வந்தது? அகராதியைப் பார்த்தவர்கள் படத்தையாவது பார்த்திருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் பலர் பொருளைக் கண்ணால் காணாமலே பெயர் வைத்துவிடுகிறார்கள்.

வெறும் ‘கால்வாய்’ என்றால் மண்ணை வெட்டியது என்று தோன்றும். இதுவோ கல்லால் கட்டி, மேலே மூடியது. உள்சுவர் கட்டிய கிணற்றைக் கட்டுக்கிணறு என்கிறோமே, அதுபோல இதைக் கட்டுக்கால்வாய் எனலாம். நிலத்தடியில் செல்லும் பகுதிக்குச் சிலப்பதிகாரத்திலேயே ‘சுருங்கை’ இருக்கிறது. அது கிரேக்கத்திலிருந்து வந்தது என்பர்; வரட்டுமே, இத்தனை நூற்றாண்டு புழங்கிய சொல்லை நான் விலக்க மாட்டேன்.

பாலத்துக்கு மட்டும் பெயர் வேண்டுமா? குமரி மாவட்டத்து மாத்தூரில் பரளியாற்றைக் கடந்து நீர் கொண்டுபோகும் கட்டுமானத்தை மக்கள் தொட்டிப்பாலம் என்கிறார்கள். எந்தக் குழுவும் கூடி ஆக்காத சொல், கச்சிதமாகப் பொருந்துகிறது. பொன் த்யு காரின் உச்சியில் கற்பலகை மூடியிருந்தாலும் உள்ளே இருப்பது தொட்டிதான். அதன் இரு சுவர்களிலும் அந்த ஊற்றுநீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவு அடுக்கடுக்காகத் தடித்து நிற்கிறது.

‘50 கிலோமீட்டர் கட்டுக்கால்வாய், கார்தோன் ஆற்றின் மேல் அதற்கு ஒரு தொட்டிப்பாலம்’ என்று அந்தக் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.